சூளைக்குக் கொடுத்தாச்சு

போன வாரம் ஆலையிலிருந்து எனக்குப் போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர், சி.என்.சி. மெஷினில் ப்ரோகிராமின் முதல் வரியை அழித்துவிட்டாராம். ஆங்கில எழுத்தில் 'சூளைக்குக் கொடுத்தாச்சு' என்று இருக்குமே, அந்த வரிதான். ஏன் அழித்தாய் என்று கேட்டதற்கு, "பிள்ளையார் சுழி மாதிரி பழைய ஆளுங்க ஏதோ போட்டு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாராம். தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த வரியை மெஷின் படிப்பதில்லை, தாண்டிக்கொண்டு போய்விடும். அது மனிதர்கள் படிப்பதற்காக எழுதியது. எழுத வைத்த பெருமை என்னைச் சேரும். பெருமை என்றா சொன்னேன்? கதையைக் கேட்டுவிட்டு நீங்களே அதற்கு ஒரு பேர் வையுங்கள்.

உங்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் விருத்தாசலத்தில் மண் வேலை செய்கிறவன் எதையும் கேட்ட அளவில் செய்யமாட்டான். பெரிதாகத்தான் செய்வான். அச்சிலிருந்து எடுத்த பீஸை நாம் பச்சை என்போம். பச்சை சூளைக்குள் போய் வெந்து வரும்போது சுருங்கிவிடும். எங்கள் ஆலை மண்ணுக்கு நூறு மில்லிமீட்டர் உள்ளே போனால் தொண்ணூறாக வெளியே வரும். அதனால் அச்சு வெட்டும்போதே சூளை தின்னப்போகிற பங்கையும் சேர்த்து வெட்டவேண்டும். அதற்குத்தான் 'சூளைக்குக் கொடுக்கிறது' என்று பேர். எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கோபக்காரர். பேர் சொல்லமாட்டேன், அவருடைய பேரன்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். சூளைக்குக் கொடுக்க மறந்தால் அளக்கிற வெர்னியர் கருவியாலேயே மண்டையில் ஒன்று போடுவார். அந்தப் பயத்தில் இருபத்தைந்து வருஷம் நான் மறந்ததே இல்லை. மறக்காததால் வந்த வினைதான் இந்தக் கதை.

இதோடு ஊர்ப் பழக்கம் இன்னொன்றும் உண்டு. பச்சையை யாரும் அளக்கமாட்டார்கள். அளந்தால் அது பெரிதாகத்தானே இருக்கும்? "வெந்து வரட்டும், அப்புறம் பேசுவோம்" என்பார்கள். கல்யாணப் பேச்சுக்கும் இதையே சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் ஃபியூஸ் பேஸ், அதாவது ஃபியூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டை, செய்துகொண்டிருந்தோம். சென்னையில் ஒரு கம்பெனி அதை வாங்கி, தகரப் பெட்டிக்குள் பொருத்தி விற்றது. ஒரே அச்சில் நாலு குழி இருக்கும். நாலையும், அச்சு செய்கிற டூல்ரூமுக்கு ஃபோர்மேனான நான்தான் லேத்திலும் அரத்திலுமாகச் செய்வேன். நல்ல வேலைக்காரன்தான் நான், ஆனாலும் நாலு குழியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். ஜாடை ஒன்று, அளவு வேறு. ஒன்று பெட்டிக்குள் உட்காரும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். சென்னைக் கம்பெனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி எல்லாம் ஒரே அளவில் வராவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு அந்த ஒரு கம்பெனிதான் பெரிய சோறு. முதலாளி துணிந்து, ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தால் தானே அச்சு வெட்டுகிற சி.என்.சி. மெஷின் வாங்கினார். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் தொழிற்பேட்டையில் அந்த மாதிரி மெஷினை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கி உள்ளே கொண்டுபோனோம்.

மெஷினோடு கூடவே கலைவாணி வந்தாள். வேப்பூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு மானாவாரி நிலம். டூல் அண்ட் டை டிப்ளமோ படித்துவிட்டு, ஓசூரில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். எங்கள் டூல்ரூமில் அதுவரை பெண் வாசனை என்றால் சுவரில் மாட்டிய சரஸ்வதி படம் மட்டும்தான். முதலாளிக்கே அரை மனசு. "மூணு மாசம் பாக்கலாம். சரியா வரலன்னா மெஷினையும் திருப்பிடலாம், பொண்ணையும் அனுப்பிடலாம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் அவளிடம் முறைத்துக்கொள்ளவில்லை. மெஷின் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கம்பெனி டெக்னீஷியன் வந்து மூன்று நாள் பாடம் நடத்தினார். அதில் முக்கால்வாசி என் தலைக்கு மேலாகவே போய்விட்டது. ஒன்றை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேல் என்று ஒரு கட்டளை. ஒரே ஒரு வரி தட்டினால் போதும், ப்ரோகிராமில் இருக்கிற எல்லா அளவும் நாம் கேட்கிற விகிதத்தில் பெருகிவிடும். இருபத்தைந்து வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அலுமினியத் தகட்டில் என் இனிஷியலைச் சிறிதாக வெட்டி, அதையே பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, கேன்டீன் வரை கொண்டுபோய்க் காட்டினேன். சமையல்கார அம்மாகூடப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

கலைவாணி வந்து இரண்டரை மாதம் இருக்கும். புது ஃபியூஸ் பேஸ் அச்சுக்கு ப்ரோகிராம் எழுதி முடித்திருந்தாள். வெட்ட வேண்டிய நாளில் ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா குழந்தைக்குக் காது குத்து. "எல்லாம் ரெடியா இருக்குது சார். ஸ்டார்ட் பண்ணா போதும். பக்கத்துல மட்டும் இருங்க" என்று சொல்லிவிட்டு லீவில் போனாள்.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு யோசனை வந்தது. இது இரும்பு படித்த பெண், ஓசூரில் இரும்பையே வெட்டியவள். இரும்பு சூளைக்குப் போகுமா? மண் சுருங்கும் என்று இவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கம்பெனிப் படத்தில் தொண்ணூறு என்று போட்டிருக்கும், அதை அப்படியே ப்ரோகிராமில் போட்டிருப்பாள். பாவம், முதல் அச்சே தப்பாகப்போனால் வேலை போய்விடுமே. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குச் சங்கடம் என்று நானே பெரிய மனசு பண்ணினேன். ஸ்கேல் வரியைத் தட்டினேன். சூளைக்குக் கொடுத்தேன். அச்சின் மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் மெஷின் வெண்ணெய் மாதிரி வெட்டித் தந்தது. முடிந்ததும் டெக்னீஷியன் சொன்ன ஒழுங்குப்படி அந்த வரியை அழித்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே அளவில் பெருத்திருந்ததால், ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன. கலைவாணி திரும்பி வந்து பொருத்திப் பார்த்தாள். மயிரிழை இடைவெளியில்லை. "சூப்பர் சார்!" என்றாள். அவளும் அளக்கவில்லை, மெஷின் மேல் அவ்வளவு நம்பிக்கை. நானும் அளக்கவில்லை, என் மேல் அதைவிட அதிக நம்பிக்கை.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் சந்தேகம் வந்தது. அச்சில் மண்ணை அழுத்தி எடுக்கிற பிரஸ்ஸில் வேலை செய்த அஞ்சலை. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆலைக்கு வந்தவள். பச்சையைப் பலகையில் அடுக்குவதில் அவள் கைக்குக் கண் உண்டு. முதல் நாள் பிரஸ் ஓட்டும்போதே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னாண்ணே இது? எப்பவும் பலகைக்கு வரிசைல எட்டு நிக்கும். இன்னிக்கு ஏழுதான் நிக்குது."

"மெஷின் அச்சும்மா, விளிம்பு கூரா இருக்கும். ஒட்டி அடுக்கினா உடைஞ்சிடும்னு நீயே தள்ளித் தள்ளி வச்சிருப்ப."

"நான் தள்ளி வைக்கல. பச்சைக் காயே பெரிசா இருக்குதுண்ணே."

"பச்சை எப்பம்மா சின்னதா இருந்துது? சூளை தின்னும், நீ அடுக்கு."

அஞ்சலை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஏழு ஏழாகவே அடுக்கினாள்.

சூளை ஆறித் திறந்த அன்று காலையில், முதலாளியே வெர்னியரோடு வந்து நின்றார். சென்னைக் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் புது அச்சின் பீஸைப் பார்க்க மதியம் ரயிலில் வருவதாக இருந்தது. முதலாளி ஒன்றை எடுத்து அளந்தார். தொண்ணூறு இருக்கவேண்டிய இடத்தில் நூறு. இன்னொன்றை எடுத்தார். அதுவும் நூறு. தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தார். பெட்டிக்குள் கால்வாசிகூட நுழையவில்லை.

"கலைவாணி!" என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து ஆலைக்குக் கேட்டிருக்கும்.

டூல்ரூமுக்குப் போனோம். அவள் ப்ரோகிராமைத் திறந்து காட்டினாள். "தொண்ணூறு வரணும்னா அச்சு நூறு இருக்கணும் சார். சூளைக்கு நான் கொடுத்துட்டேன். இதோ, நூறுன்னு இருக்குது பாருங்க."

அந்த நூறை நானும் எட்டிப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வந்த முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததற்கு மேல் நானும் கொடுத்திருக்கிறேன்.

"அச்சை அள" என்றார் முதலாளி. அவள் அளந்தாள். நீளம், அகலம், துளைக்குத் துளை தூரம் என்று மூன்று இடத்தில் அளந்து மூன்று எண்களையும் வாய்விட்டுச் சொன்னாள். நூறு இருக்கவேண்டிய குழி நீளம் நூற்றுப் பதினொன்று. பிறகு கொஞ்ச நேரம் அந்த அச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைத் தூக்கி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். திகைத்துப்போய்ப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ப்ரோகிராம்ல நூறு, அச்சுல நூத்திப் பதினொண்ணு. அப்ப மெஷின் பொய் சொல்லுதா, இல்ல நீ அன்னிக்கு வேற எதையாவது போட்டுட்டு இப்ப மாத்திட்டியா?"

"என் ப்ரோகிராம் சரியாதான் சார் இருக்குது." அவ்வளவுதான் சொன்னாள்.

நான் பக்கத்தில் நின்றேன். திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வாயைத் திறந்தால் இருபத்தைந்து வருஷப் பேர் போய்விடும். திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த வரியை நானே ஒழுங்காக அழித்திருந்தேன் அல்லவா?

"நீ வூட்டுக்குப் போம்மா. நாளைக்கு வர வேணாம். மெஷின் கம்பெனிக்கு நான் பேசிக்கறேன்" என்றார் முதலாளி.

அவள் மெஷினைத் துணியால் துடைத்தாள். விசைப்பலகையின் மேல் உறையைப் போட்டாள். டிபன் பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்" என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போனாள். நானும் "சரிம்மா" என்றேன். தம்பிகளா, இந்தக் கதையில் நான் வெட்கப்படுவது அந்த அச்சுக்காக இல்லை. அந்த 'சரிம்மா'வுக்காக.

ஆலை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். டீ ஆறி ஆடை கட்டியது. நான் நல்லதற்குத்தானே செய்தேன், அவள் சின்னப் பெண், வேறு வேலை கிடைக்கும், எனக்கு இந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று எல்லா வக்கீலையும் எனக்கு நானே வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அஞ்சலை அங்கே வந்தாள். டீ குடிக்க வரவில்லை, என்னைத் தேடித்தான் வந்தாள்.

"அந்தப் பொண்ண அனுப்பிட்டாங்களாமே?"

"ஆமாம்மா."

"பலகைல ஏழு நிக்குதுன்னு நான் யாருகிட்ட சொன்னேன்? உங்ககிட்டதானண்ணே சொன்னேன்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள். அவளுக்கு ஸ்கேல் வரி பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்து அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அவ கொடுத்தது ஒண்ணு, நீங்க கொடுத்தது ஒண்ணு. சூளைக்கு ரெண்டு தடவ படையல் போட்டிருக்கீங்க" என்றார். "அந்தப் பொண்ணு போய் முக்கா மணி நேரம் ஆவுது. அதுவரைக்கும் இன்னா பண்ணிட்டிருந்தீங்க?"

"டீக்கடையில..." என்று இழுத்தேன். "இங்க ஏன் நிக்கறீங்க? போய்க் கூட்டிட்டு வாங்க" என்று ஸ்கூட்டர் சாவியைத் தூக்கிப் போட்டார்.

பஸ் நிறுத்தத்தில் அவள் ஒருத்தி மட்டும் மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, பஸ் லேட் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

"ஸ்கேல் போட்டது நான்தாம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம போட்டுட்டேன். காலைலயே சொல்லியிருக்கணும், சொல்லல. மன்னிச்சுக்க."

"மணி என்ன?" என்றாள். சொன்னேன். "இன்ஸ்பெக்டர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குது. வாங்க, போலாம்" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இனி இன்ஸ்பெக்டர். முதலாளி, சூளையில் கோளாறு என்று சொல்லி நாலு நாள் தள்ளிப்போடலாமா என்று யோசித்தார். கலைவாணி வேண்டாம் என்றாள். வெந்து வந்த தப்புப் பீஸில் பத்தை எடுத்து மேசை மேல் வரிசையாக வைக்கச் சொன்னாள். இவள் என்ன, பிணத்தை அலங்காரம் பண்ணி வைக்கிறாளே என்று எனக்கு ஒரே குழப்பம். இன்ஸ்பெக்டர் வந்தார். நடந்ததை நானே என் வாயால் சொன்னேன். ஒரு நாளில் இரண்டாவது தடவை என்பதால் கொஞ்சம் சுலபமாக வந்தது. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வெர்னியரை எடுத்துப் பத்தையும் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"எல்லாம் தப்பு. ஆனா பத்தும் ஒரே தப்பு" என்றார். "உங்ககிட்ட இத்தனை வருஷத்துல நாலு பீஸ் ஒரே அளவுல நான் பார்த்ததே இல்ல. தப்பையே இவ்வளவு ஒழுங்கா பண்றவங்களுக்கு, சரியானதப் பண்ண எவ்வளவு நாள் ஆவும்?"

"அச்சு இன்னிக்கு சாயங்காலமே வெட்டிடலாம் சார். சூளைக்கும் சேர்த்து ஒரு வாரம் குடுங்க" என்றாள் கலைவாணி. அவர் கொடுத்தார். அன்று மதியம் அவள் மெஷினை ஓட்ட, நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நிஜமாகவே சும்மா இருந்தேன். அரத்தில் எனக்கு இரண்டு வாரம் பிடிக்கிற வேலை, பொழுது சாய்வதற்குள் முடிந்தது. மறுநாள் அஞ்சலை பலகையில் எட்டு அடுக்கிவிட்டு, தூரத்திலிருந்தே எனக்கு எட்டு விரலைக் காட்டினாள். ஒரு வாரத்தில் தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு என்று சூளையிலிருந்து வந்தது.

அந்த முதல் வரியைக் கலைவாணி அதற்கு அடுத்த நாள் எழுதினாள். "நானும் ஒரு வரி எழுதி வச்சிட்டுப் போயிருக்கணும், என் மேலயும் தப்பு இருக்குது" என்றாள். இப்போது புரிகிறதா தம்பி, நீ அழித்தது எதை என்று? அந்த வரியைப் பார்த்தால் கேட்கத் தேவையில்லை. பார்க்காவிட்டால் கேளு. பக்கத்து மெஷின்காரனைக் கேளு, லீவில் இருப்பவளுக்குப் போன் போட்டுக் கேளு, பிரஸ்ஸில் அடுக்குகிறவளைக் கேளு. அவள் கேட்காமலே வந்து சொன்னால் வாயை மூடிக்கொண்டு போய் ஒரு தடவை அள. பச்சையாக இருந்தாலும் அள.

இந்தக் கதையை நான் பல வருஷம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். சொல்லும்போதெல்லாம், "நல்ல நேரம், அன்னிக்குப் பஸ்ஸு லேட்டு" என்று முடிப்பேன். நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, கேசரி கொடுத்து, பேசச் சொன்னார்கள். அங்கேயும் இதைச் சொல்லி, பஸ் லேட் என்று முடித்து, கைதட்டலும் வாங்கினேன். கூட்டம் கலைந்த பிறகு கலைவாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் அவள்தான் டூல்ரூமுக்குத் தலைவி, என்னைக் கூப்பிடுவதும் சாரிலிருந்து அண்ணனுக்கு மாறியிருந்தது. உங்களுக்கு மேடம். போன வாரம் எனக்குப் போன் போட்டு, "நீங்களே இவங்களுக்கு எழுதிக் குடுங்கண்ணே" என்றதும் அவள்தான்.

"அண்ணே, அன்னிக்குப் பஸ்ஸு லேட்டு இல்ல" என்றாள்.

"பின்னே?"

"மெஷின் தப்பு பண்ணா ஒரு பக்கம்தான் பண்ணும். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்துல வளர்ந்திருந்துது. அளந்தப்பவே ஸ்கேல்னு தெரிஞ்சிடுச்சு. நம்ம ஆலைல அது தெரிஞ்ச இன்னொரு ஆளு யாரு? கேன்டீன் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினீங்களே."

"அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வந்து மூணு மாசம் ஆகாத பொண்ணு ஃபோர்மேன் மேல பழி போட்டா யாருண்ணே நம்புவாங்க? அதான், நீங்களா வருவீங்கன்னு உக்காந்திருந்தேன். வேப்பூர் பஸ்ஸு ரெண்டு வந்துது, ரெண்டையும் விட்டேன்." கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "மூணாவது வந்திருந்தா ஏறியிருப்பேன்."